தண்டில் எழுதிய எழுத்து



டிரைவர் என்றால் நம் தோட்டங்களில் லாரி ஓட்டுகிறவர். கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் அதே சொல்லைச் சொன்னால், அவர்கள் மனத்தில் தோன்றுவது ஒரு மட்டை. ஓர் ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவற்றுள் நீளமானதும், முதல் அடியிலேயே பந்தை வெகுதூரம் அனுப்புவதும் டிரைவர் என்னும் மட்டை. அதன் தண்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"அது துரைமார் ஆட்டமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். ஆனால் அந்த ஆட்டம் நம் மண்ணுக்கு அவ்வளவு அந்நியமானதன்று. மலாய்க்காரர்கள் தங்கள் பாராங் கத்திக்குப் பிடியாக வைத்திருந்த ஒரு மரப்பாலைச் சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற மருத்துவர் கண்டு, 1843-ல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கட்டாபெர்ச்சா எனப்படும் அந்தப் பாலில்தான் 1848 அளவில் புதிய கோல்ஃப் பந்து செய்தார்கள். 1898-க்குப் பிறகு ரப்பர் இழை சுற்றிய பந்து வந்தது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-லேயே தொடங்கிவிட்டது. எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் துரைமாருக்குப் பை தூக்கினார்கள். எம். இராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே விளங்கினார்கள். பின்னாளில் ரப்பர் மரங்களை அழித்துக் கோல்ஃப் திடல் போட்ட இடங்களும் உண்டு. லயம் இருந்த இடத்தில் புல் வளர்ந்த அந்தக் கதையை வேறொரு நாள் பேசலாம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது 19 வயது, பக்கத்துக் கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வேலை செய்கிறான். வேலை முடிந்ததும் அவனும் அடித்துப் பழகுவான். கை நன்றாக வருகிறது என்று அங்குள்ள பயிற்சியாளரே சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு ஒரு விளம்பரத் தாளுடன் வந்தான்.

"சார், பழைய டிரைவர் ஒன்று விலைக்கு வருகிறது. 900 வெள்ளி. தண்டு 'எஸ்'. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அதுதான் வைத்திருக்கிறார்கள்."

கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். 500 வெள்ளி அவன் சேர்த்தது. மீதி 400, அவன் அம்மா சீட்டுப் பிடித்த பணம். எனக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் 400 வெள்ளி சீட்டுப் பணம் என்றால் ஒரு தாய்க்கு என்னவென்று தெரியும். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன். முற்காலத்தில் தண்டு மரத்தால் ஆனது. அமெரிக்காவில் வளரும் ஹிக்கரி என்ற மரம் அதற்குப் பேர் போனது. வலுவான மரம்தான், ஆனால் அடிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். 1920-களில் அமெரிக்காவில் எஃகுத் தண்டை அனுமதித்தார்கள். பிரிட்டன் 1929-ல்தான் இணங்கியது. 1970 அளவில் கரியிழைத் தண்டு வந்தது. எஃகுத் தண்டு 120 கிராம் இருந்தால், இன்றைய டிரைவரின் கரியிழைத் தண்டு பெரும்பாலும் 50 முதல் 70 கிராம்தான். தண்டின் மேல் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். எல் மிகவும் வளைவது, எக்ஸ் மிகவும் விறைப்பானது. எல் என்றால் பெண்களுக்காம். இரண்டு வாளிப் பாலைக் காண்டா போட்டுச் சுமந்த நம் தாய்மார்களின் தோளை, அந்த எழுத்தை வைத்தவர்கள் பார்த்ததில்லை போலும்.

சனிக்கிழமை நான் அந்தத் திடலுக்கே போனேன். அங்கே மூன்று பேர் ஒரே கம்பெனியின் ஒரே டிரைவரை வைத்திருந்தார்கள். தலை ஒன்றுதான், தண்டு மட்டும் வேறு. வாங்கும்போதே நாலைந்து தண்டுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சிலவற்றுக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும்.

கட்டடக் குத்தகைக்காரர் ஒருவர் அப்படிக் கூடுதல் பணம் கட்டி எக்ஸ் வாங்கியிருந்தார். "ஆண்பிள்ளை கைக்கு இதுதான். மற்றதெல்லாம் தூண்டில் குச்சி" என்றார். சொல்லிவிட்டு அடித்தார். பந்து வலப்பக்கம் வளைந்து கால்வாய்ப் பக்கம் போயிற்று. அதற்குக் காற்றைக் குறை சொன்னார். பட்டணத்து மருத்துவர் ஒருவர், கடையில் கொடுத்த ஆர் தண்டையே வைத்திருந்தார். "எல்லாம் தலையில்தான் இருக்கிறது, தண்டு வெறும் குச்சி" என்பது அவர் கட்சி. மூன்றாமவர் ஓய்வுபெற்ற தோட்ட நிர்வாகி, 70-ஐத் தாண்டியவர். அவரிடம் இருந்தது ஏ. "50 வயதில் எஸ் வைத்திருந்தேன். 60 வயதில் ஆர். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் ஏ வாங்க வெட்கப்பட்டேன். அந்த ஐந்து ஆண்டும் வீண்" என்று சிரித்தார். மூவரில் அவர் பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பயிற்சியாளர் சொன்ன செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவே கிடையாதாம். ஒரு கம்பெனியின் ஆர், இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். கிலோவுக்கும் மீட்டருக்கும் உலகம் முழுதும் ஒரே அளவு உண்டு. தண்டின் எழுத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இதைத் தெரியாமல்தான் பலர் எழுத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

அப்படியானால் தண்டு என்னதான் செய்கிறது? மட்டை பந்தைத் தொடும் நேரம், ஒரு விநாடியை 2,000 பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கு. பிரிட்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி 1968-ல் ஒரு நூல் வந்தது. தலைக்குச் சற்று மேலே தண்டில் கீல் வைத்த டிரைவரால் அடித்துப் பார்த்தார்கள். கதவுக்கு வைப்பது போன்ற கீல்தான். அப்போதும் பந்து அநேகமாக வழக்கமான தூரம் போயிற்று. அந்தச் சிறு நேரத்தில் தண்டு பந்தைத் தள்ளுவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அதன் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மட்டையைக் கீழே இழுக்கத் தொடங்கும்போது, கனமான தலை பின்தங்கும், தண்டு பின்னால் வளையும். பந்தை நெருங்கும்போது அது நிமிர்ந்து சற்று முன்னால் வளையும். அந்த வளைவைப் பொறுத்துத் தலையின் முகம் எந்தப் பக்கம் பார்த்து வந்து சேர்கிறது என்பதே கேள்வி. முகம் 2 பாகை திரும்பியிருந்தால் 200 மீட்டரில் பந்து ஏறக்குறைய 7 மீட்டர் விலகும். பந்து சுழன்றால் இன்னும் விலகும். மெதுவாக வீசுகிறவர் மிக விறைப்பான தண்டு பிடித்தால் பந்து தாழ்வாக வலப்பக்கம் போகும் என்றும், வேகமாக வீசுகிறவர் இளகிய தண்டு பிடித்தால் உயரமாக இடப்பக்கம் போகும் என்றும் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். வலக்கைக்காரருக்குச் சொன்னது இது. எல்லாருக்கும் அப்படியே நடப்பதில்லை என்றார் பயிற்சியாளர். கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம்.

திரும்பும் வழியில் பையனின் அப்பாவைப் பார்த்தேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர். அரிவாள் கட்டிய அலுமினியக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கம்புதானே சார்?" என்றார். "மரம் உயர உயரக் கம்பு நீளும். நீளக் கம்பு ஆடும். அது ஆடி முடிச்சு நிக்கிற நேரத்துல இழுக்கணும். என் கைக்கு அது ஒரு நேரம், இன்னொருத்தன் கைக்கு வேற நேரம். என் கம்பை வாங்கிட்டுப் போய் ஒருத்தன் வெட்டினான், குலை விழல, ஓலைதான் விழுந்துச்சு." பிறகு ஒன்று கேட்டார்: "பையன் அதைப் பிடிச்சு அடிச்சுப் பாத்தானா?" அவன் அடித்துப் பார்க்கவில்லை. தாளில் பார்த்ததுதான்.

மறுநாள் மாலை பயிற்சியாளரிடம் கேட்டோம். இப்போதைய டிரைவர்களில் திருகாணியைக் கழற்றித் தண்டை மாற்றலாம். அவரிடம் பொருந்தக்கூடிய தண்டுகள் மூன்று இருந்தன. எஸ் ஒன்று, ஆர் இரண்டு. ஆர் இரண்டில் ஒன்று 50 கிராம், மற்றது 65 கிராம். நான் செய்த உதவி ஒன்றுதான். எழுத்துகளின் மேல் கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். எது எதுவென்று பையனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் 10 பந்து அடித்தான். களைப்பு ஒரே தண்டின் தலையில் விழாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தேன். விழுந்த இடத்தைப் பள்ளிக்கூட நோட்டில் குறித்தேன்.

எல்லாவற்றிலும் தூரம் போன ஒரு பந்து எஸ் தண்டில் அடித்ததுதான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதன் 10 பந்துகளில் 4 மட்டுமே திடலுக்குள் விழுந்தன. 50 கிராம் ஆர் தண்டில் 5. கனமான ஆர் தண்டில் 8. எழுத்து ஒன்றாக இருந்தும், கனம் மாறியதும் ஆட்டமும் மாறியது. 30 பந்துகள் பெரிய ஆராய்ச்சியல்ல, நாளைக்கு அடித்தால் எண்ணிக்கை மாறலாம். ஆனாலும் மூன்றாம் எண்ணைப் பிடித்தபோது மட்டும் அவன் தோள் தளர்ந்திருந்ததை, வேலிக்கு வெளியே நின்ற அவன் அப்பா எனக்கு முன்பே பார்த்துவிட்டார்.

ஒட்டுத்தாளைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "முதலில் எது நல்லது என்று சொல்லுங்கள் சார்" என்றான். மூன்று என்றேன். அது எஸ் இல்லை என்று தெரிந்ததும் முகம் சற்றே வாடியது. பொய் சொல்ல மாட்டேன், அவன் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பிறகு அவனே தேடி, அதே கனத்தில் ஆர் தண்டு போட்ட பழைய டிரைவர் ஒன்றை அடித்துப் பார்த்து 380 வெள்ளிக்கு வாங்கினான். சீட்டுப் பணம் அம்மாவிடமே இருக்கிறது. போன வாரம் திடல் பக்கம் போனபோது அவன் அடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கனமான ஆர் தண்டில் நான் போட்டது போலவே தன் தண்டிலும் எழுத்தின் மேல் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தான். கூட்டாளிகள் கேலி செய்வார்களாம். பந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது.