நாவிற் பூட்டிய விலங்கு

(வெள்ளவத்தையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பொன்றின் நிறைவு நாளன்று ஆற்றப்பட்ட உரை)



பள்ளிக்கூடத்தில் பத்தாண்டு ஆங்கிலம் படித்தவர் யார் என்று இம்மண்டபத்திற் கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். ஐந்து நிமிடம் தடுமாறாது ஆங்கிலம் பேசக்கூடியவர் யார் என்று கேட்டால் உயர்ந்த கைகள் தாழும். இவ்விரு கேள்விகளுக்கும் இடையிற் கிடக்கும் பள்ளத்தைப் பற்றியே பேச வந்தேன்.

என் கதையையே முதலிற் சொல்லிவிடுகிறேன். இளமையில் ஓர் உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு யாழ்தேவியில் ஏறிக் கொழும்பு வந்தேன். இலக்கணத்தில் எனக்குக் குறையில்லை. “பயணம் எப்படி?” என்று ஒருவர் ஆங்கிலத்திற் கேட்டார். விடை தெரியும். ஆனால், எந்தக் காலத்து வினை வரவேண்டும் என்று மனத்துள்ளே வாக்கியத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உத்தியோகமும் போய்விட்டது. அன்று என்னைத் தோற்கடித்தது அறியாமையன்று, நாணம்.

இந்த நாணம் எங்கிருந்து வந்தது? வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலம் வெறும் மொழியாக இருக்கவில்லை. மேலோர் கீழோரென மக்களைப் பிரிக்கும் வேலியாக இருந்தது. சிங்களக் கிராமத்து இளைஞர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பர். அந்த வாளின் வெட்டு நமக்கும் பட்டதுதான். பிழையாகப் பேசினால் நகைப்பார்கள் என்ற அச்சம் தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசொம்போல் இறங்கியிருக்கின்றது.

பின்னர் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. தமிழிலே கற்பதும், அரசாங்கக் கந்தோரில் தமிழிலே விடை பெறுவதும் நமது உரிமை. அதில் அணுவளவும் விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை. தாய்மொழிக் கல்வி தவறன்று. அதனோடு ஆங்கிலத்தைப் பேசக் கற்பியாது, பரீட்சைக் கடதாசியில் மட்டும் கற்பித்தமையே தவறு.

ஆங்கிலம் பேசினால் தமிழ் தேயும் என்பாரும் உளர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உயர்கல்வி அளித்தது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றியவரும் அவரே. தனிநாயகம் அடிகள் 1952ஆம் ஆண்டில் ஆங்கில ஏடொன்றைத் தொடங்கித் தமிழின் பெருமையை உலகறியச் செய்தார். ஆங்கிலம் அவர்கள் கையிலிருந்த கருவி. அவர்கள் அதன் கையிற் கருவியாகவில்லை.

பிறமொழி கண்டு நம் முன்னோர் அஞ்சியதுமில்லை. கந்தோர் ஒல்லாந்தர் சொல். உழவன் நிலம் கிண்டும் அலவாங்கும், காணி பதிந்த தோம்பும், காலையில் உண்ணும் பாணும் போர்த்துக்கேயர் சொற்கள். அவற்றை வெட்கமின்றி வாயில் எடுத்தவர்களின் பேரர் ஆங்கிலத்தைக் கண்டு வாயடைத்து நிற்பதா?

இனிச் செய்யவேண்டியதைக் கூறுகிறேன். ஏரைப்பற்றி நூல் படித்தவன் உழவனாகான். மேழி பிடித்தவனே உழவன். பேச்சும் அவ்வாறே. கொட்டாஞ்சேனையில் ஓரறையில் மூவர் நால்வராய்த் தங்கியிருக்கும் இளைஞர்களே, இரவுச் சோற்றின்போது கால்மணி நேரம் ஆங்கிலத்திலே பேசுங்கள். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தலாம், நகைத்தல் ஆகாது. பத்திரிகையில் ஒரு பத்தியை நாள்தோறும் உரத்து வாசியுங்கள். தனிச் சொற்களை மனனஞ் செய்யாது, சிறு வாக்கியங்களாகவே பழகுங்கள். விளங்காவிடில் “மீண்டும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஆங்கிலேயரும் அவ்வாறு கேட்பதுண்டு.

செவியையும் பழக்கவேண்டும். பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் முதுகைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ஒன்றாகவே ‘பாக்’ என அமையும். வேறுபாட்டைக் காது ஒன்றே கற்பிக்கும். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்லிப் பழகியவர் நாம். ஆங்கிலச் சொல்லிலோ ஓரசை ஓங்கி ஒலிக்கும். ‘ஹோட்டல்’ என்பதில் நாம் முதலசையை அழுத்துவோம். அவர்கள் ஈற்றசையை அழுத்துவர். நமக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ‘காற்று’ என்று யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும்போது நாநுனி மேற்பல்லின் ஈற்றைத் தொடுகின்றது. ‘மார்க்கற்’ என்பதன் கடைசி ஒலியும் ஏறக்குறைய அதுவே. ஆங்கிலேயர்போல் ஒலிக்கவேண்டும் என்பதில்லை. கேட்பவருக்கு விளங்கினாற் போதும்.

அன்பர்களே, வைத்தியரிடம் நோயைச் சொல்லமாட்டாது தலையசைத்துத் திரும்பும் தாயை நான் கண்டிருக்கிறேன். வங்கியில் கடன் விதிகளைக் கேட்க நாணிக் கையொப்பமிட்ட கமக்காரரையும் கண்டிருக்கிறேன். அவ்விடங்களிலே தமிழ் ஒலிக்கவேண்டும், அதற்காகப் போராடுவோம். அதுவரையில் நம்மவர் ஊமையராய் நிற்கவேண்டியதில்லை. நீதி கேட்பதற்கும் பேசத் தெரியவேண்டுமன்றோ?

பிழையாகவேனும் பேசுங்கள். இன்று பிழையாகப் பேசுபவன் நாளை திருந்தப் பேசுவான்; பேசாதவன் என்றும் பேசான். இன்றிரவே தொடங்குங்கள்.