ஆரஞ்சு பெயின்ட் அடிச்சா துப்பாக்கி பொம்மையாகிடுமா?

ஒரு பொருளைத் தடை பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சிடும்னு நினைக்கிறோம், இல்லையா? பிரிட்டன்ல போலித் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டப்போ என்ன ஆச்சுன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

அங்கே 2006-ல் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரிலிருந்து, அச்சு அசல் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும் போலிகளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். காரணம் நியாயமானதுதான். பொம்மையைக் காட்டி மிரட்டினாலும் எதிரில் நிற்பவருக்கு உயிர் பயம் நிஜம்தானே?

சினிமா, நாடகம், அருங்காட்சியகத்துக்கு விலக்கு உண்டு. மத்தவங்களுக்கு ஒரு வழி இருந்தது: நிறம். ஆரஞ்சு, நீலம், பச்சைன்னு பளிச்சென்று இருந்தால் அது ‘நிஜம் மாதிரி’ கணக்கில் வராது. 18 வயசு ஆனவங்க வாங்கிக்கலாம்.

சிக்கலே இங்கேதான். பெயின்ட்டைப் பார்த்தா உள்ளே இருக்கிற உலோகம் எப்படிப்பட்டதுன்னு தெரியுமா? தோட்டா இல்லாமல் சத்தம் மட்டும் போடும் ‘பிளாங்க்’ துப்பாக்கிகள் பளிச் நிறத்தில் சட்டப்படி கடைக்கு வந்தன. குற்றக் கும்பல்கள் அதை வாங்கி, குழலைத் துளைத்து, கறுப்பு பெயின்ட் அடிச்சு, ஆளைக் கொல்லும் துப்பாக்கியா மாத்தினாங்க. 2010-ல் ‘ஒலிம்பிக் .380’ என்ற மாடலை ஒப்படைக்கச் சொன்னது போலீஸ். அதோட முடிஞ்சதா? இல்லை. 2025 பிப்ரவரியில் துருக்கியில் தயாரான நாலு பிராண்டுகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே அறிவிப்பு.

இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் குண்டு வைத்து ஏர்சாஃப்ட் விளையாட வரும் புதுப் பையன். விலக்கு கிடைக்கிற வரைக்கும் பாதி நீலம், பாதி கறுப்புத் துப்பாக்கிதான் அவனுக்கு. அதுக்கு முன்னாடி முழுசா கறுப்பு அடிச்சா, அதுவே குற்றம். அவன் சட்டத்துக்குப் பயப்படுவான். கொலை பண்ணத் துணிஞ்சவன் பெயின்ட் டப்பாவுக்கா பயப்படப் போறான்?

தடைதான் இந்தத் துப்பாக்கிகளை உருவாக்குச்சுன்னு நான் சொல்லல. எளிதில் மாற்றக்கூடிய போலியை நிஜத் துப்பாக்கியாகவே கருதும் சட்டம் அங்கே 1982-லேயே இருந்தது. ஆனா இந்த ரெண்டு தடவையும் அது வேலை செஞ்சது, சரக்கு கைமாறிப் போன பிறகுதான்.

அடுத்து எங்கே எந்தத் தடை வந்தாலும் ஒண்ணு கேளுங்க: இது ஆபத்தைத் தடுக்குதா, ஆபத்தோட தோற்றத்தை மட்டும் தடுக்குதா? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.