விழியாத கணனியும் அழியாத எழுத்தும்



இலக்கிய நிகழ்ச்சியிற் கணனியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கக்கூடும். இன்று நம் எழுத்தாளர்களிற் பலர் தாளில் எழுதுவதில்லை. கதை, கவிதை, கட்டுரை, பாதியில் நிற்கும் நாவல் யாவும் கணனியின் வன்தட்டிலேயே குடியிருக்கின்றன. அந்தக் கணனி ஒருநாள் ஆளியை அழுத்தியும் விழிக்க மறுத்தால், அதை இயந்திரக் கோளாறு என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அது இலக்கியத்தின் இழப்பாகவும் முடியலாம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். கணனி வேறு, அதிலுள்ள எழுத்து வேறு. ஆளியை அழுத்தியதும் கணனி தன் உறுப்புகளைச் சோதிக்கிறது. பின்னர் வன்தட்டிலிருந்து இயங்குதளத்தைத் தேடியெடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகே நாம் பழகிய திரை தோன்றுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கணனி நின்றுவிடும். மின்வழங்கி பழுதாகலாம், நினைவகத் தகடு தளரலாம், இயங்குதளத்தின் ஒரு கோப்புக் கெடலாம். இவை எவையும் நமது நாவலைத் தொடுவதில்லை. வாசற்கதவின் பூட்டு இறுகிவிட்டதென்பதற்காக, உள்ளேயிருக்கும் பெட்டகம் எரிந்துபோயிற்றென்று அழுவாருண்டோ?

பூட்டு இறுகினால் வேறு வழியால் உட்புக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வன்தட்டைத் தனியே கழற்ற முடியுமானால், கழற்றியெடுத்துத் தகுந்த இணைப்பு வடத்தின் மூலம் நல்ல கணனியொன்றுடன் இணைத்து, கோப்புகளைப் படியெடுக்கலாம். கணனியின் மற்ற உறுப்புகள் நலமாயிருந்து இயங்குதளம் மட்டுமே கெட்டிருந்தால், லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஒன்றைப் பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணனியை எழுப்பி, கோப்புகளை வெளியே எடுக்கலாம். தட்டு மறையீடு செய்யப்பட்டிருந்தால் அதன் திறவெண்ணும் வேண்டும். விண்டோஸின் பிட்லொக்கருக்கு அது 48 இலக்கங்கள் கொண்டது. அதைத் தாளில் எழுதி, கணனிக்கு வெளியே பத்திரப்படுத்தல் நன்று.

செய்யத் தகாதவையும் உண்டு. திருத்துபவரிடம் கொடுக்கும்போது, "எப்படியாவது ஓட வைத்துத் தாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாகாது. அவர் தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றித் தருவார். கணனி ஓடும், நாவல் இராது. "முதலில் என் கோப்புகள், பிறகுதான் கணனி" என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்குந்தோறும் சேதம் பெருகும். அதன்பின் அது தூசியற்ற அறையில் வைத்துத் திறந்து பார்க்கும் வல்லுநரின் வேலை.

அத்தகைய வல்லுநர் முதலிற் செய்வது, நோயுற்ற தட்டு முழுவதையும் இயன்றவரை ஒருமுறை படியெடுப்பதாகும். பின்னர் அந்தப் படியிலேயே வேலை செய்வார், மூலத்தைத் தொடமாட்டார். இது நமக்குப் புதிய பாடமா? சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையிற் சொல்லியிருக்கிறார். சிதையும் பொருளிலிருந்து எழுத்தை விரைந்து பெயர்த்தெடுக்க வேண்டும் என்ற பதைப்பு அன்று ஓலைக்கு, இன்று தட்டுக்கு.

அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றையும் சொல்லவேண்டும். 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரைப் படைத்த அமெரிக்கர் ஜீன் ரொடன்பரி 1991 இற் காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றுள் ஏறத்தாழ 200 நெகிழ்தட்டுகள் இருந்தன. அவை அவருக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட கணனிகளில் எழுதப்பட்டவை. அக்கணனிகளில் ஒன்று விற்கப்பட்டுவிட்டது. எஞ்சிய மற்றது இயங்க மறுத்தது. வேறெந்தக் கணனிக்கும் அத்தட்டுகளின் மொழி புரியவில்லை. மீட்பு நிறுவனமொன்று அவற்றைப் படிப்பதற்கான மென்பொருளை ஆக்கவே மூன்று மாதத்துக்கு மேல் உழைத்தது. அவை மீட்கப்பட்ட செய்தி 2016 இன் தொடக்கத்தில் வெளிவந்தது. உரியவர் மறைந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னும் எழுத்துக் கிடைத்தது. ஏன்? ஓடாத கணனியின் தட்டுகள்தானே என்று அவற்றை எவரும் குப்பையில் எறியவில்லை.

நம் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பழைய கணனியொன்றிலிருந்து கோப்பை மீட்டுத் திறந்து பார்த்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகத் தோன்றும். கோப்புச் சிதைந்துவிட்டதென்று பலர் அதை அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அது சிதையவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. அந்த எழுத்துரு புதிய கணனியில் இல்லாதபோது ஆங்கில வடிவமே தெரிகிறது. உரிய எழுத்துருவை நிறுவினால் போதும், தமிழ் எழுந்து நிற்கும். பின்னர் அதை யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டால், எந்த எழுத்துரு என்று தேடியலைய வேண்டியதில்லை.

நேயர்களே, எழுத்தாளரொருவர் மறைந்தபின் அவருடைய வீட்டில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அவரது பழைய கணனிதான். ஓடாத இயந்திரம், இடத்தை அடைக்கிறது, பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். அந்த வேளையில் யாராவது ஒருவர், "கொஞ்சம் பொறுங்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம்" என்று சொல்லவேண்டும். கையெழுத்துப் பிரதியென்றால் வீட்டார் ஒரு பக்கமாவது புரட்டிப் பார்த்திருப்பார்கள். கணனியோ தன் வயிற்றில் இருப்பதை வெளியே காட்டுவதில்லை.

எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரே இடத்தில் இருக்கும் எழுத்து, இல்லாத எழுத்துக்குச் சமம். ஒரு படி கணனியில், ஒரு படி தனித் தட்டில், ஒரு படி வேறொரு வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அச்செடுத்த தாளிலும் ஒன்று இருக்கட்டும். தாளைப் படிக்க மின்சாரமும் வேண்டாம், திறவெண்ணும் வேண்டாம்.