பிள்ளைகளின் உடலைக் காட்டும் காந்தம்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் வீடுகளில் ஒரு பிள்ளை இரவில் கால் நோகிறதென்று அழுதால், "வளருகிற நோவு" என்று எண்ணெய் பூசி விடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் சிலவேளை எலும்புகளில் பல இடத்தில் அழற்சி இருக்கும். நிணநீர்க் கணுக்களில் புற்றும் இருக்கலாம். எங்கெங்கே என்று அறியாமல் வைத்தியர் மருந்தைத் தீர்மானிப்பதெப்படி? அதற்கே உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரே தடவையில் எடுக்கும் காந்தப் படம், முழுவுடல் எம்.ஆர்.ஐ., உதவுகிறது.

எக்ஸ்ரேயிலும் சீ.ரீ. படத்திலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. உடல் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தத்தினுள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் தட்டியதும் அவை திருப்பியனுப்பும் குறிப்பைக் கொண்டு கணினி படம் வரைகிறது. நோயுற்ற இடத்தில் நீர் மிகுவதால் அது வெண்மையாய்த் துலங்கும். 1977இல் அமெரிக்காவில் டமேடியன் குழுவினருக்கு நெஞ்சின் ஒரு குறுக்குவெட்டை எடுக்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் சென்றது. இன்று முழுவுடலும் ஏறக்குறைய ஒரு மணிக்குள் முடிகிறது.

அந்நேரம் முழுவதும் பிள்ளை அசையலாகாது. இயந்திரமோ தகரத்தில் அடிப்பதுபோல ஓசையிடும். ஆகவே சின்னஞ்சிறாருக்கு மயக்க மருந்து, அதற்குமுன் பட்டினி. இங்கேதான் நாம் தவறுகிறோம். "ஒரு வாய் பால்தானே" என்று ஊட்டிவிட்டு மறைக்கிறோம். மயக்கத்தில் அப்பால் வாந்தியாகிச் சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஊட்டியிருந்தால் சொல்லிவிடுங்கள். படத்தை இன்னொரு நாள் எடுக்கலாம்.

அரைஞாண், பஞ்சாயுதம், தாயத்து யாவும் வீட்டிலேயே இருக்கட்டும். 2018இல் மும்பாயில் ஒட்சிசன் சிலிண்டரோடு அவ்வறைக்குள் சென்ற இளைஞர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு மாண்டார்.

கையில் பணமிருக்கிறதென்று சுகமான பிள்ளைக்கு இப்படம் எடுப்பதை நாம் ஏற்கோம். தீங்கற்ற புள்ளியும் படத்தில் விழும். பின்னர் ஊசி, மறுபடம், தாய்க்கு உறக்கமின்மை. பரம்பரையாய்ப் புற்றுநோய் தொடரும் சில குடும்பங்களின் கதை வேறு. அவர்களுள் சிலருக்கு வைத்தியர்கள் ஆண்டுதோறும் எடுக்கச் சொல்வதுண்டு. சுவாசப்பையின் சிறு கட்டிகளுக்கோ இன்றும் சீ.ரீ. படமே மேல்.

2016இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கானர் வாங்கவென்று இந்நாட்டு மக்கள் இன மத பேதமின்றிப் பணம் சேர்த்தார்கள். அத்தனை பெரிய காரியத்தை நாம் கேட்கவில்லை. சிங்களம் அறியாத தாயொருத்தி, பிள்ளைக்கு எத்தனை மணிக்குப்பின் பால் கொடுக்கக்கூடாதென்பது விளங்காமலே படிவத்தில் கையொப்பமிடுகிறாள். அவளருகே நின்று சொல்லிக்கொடுக்க இருமொழியும் அறிந்த ஒருவர் வேண்டும். காலைவேளையில் வரக்கூடிய வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.