ஆறு நாளில் எழுந்த மண் மதில்

(மாப்பிள்ளையூரணிக் கூட்டத்தில் பேசியது)



இங்கிருந்து வடமேற்கே சைக்கிள் மிதித்தால் பாஞ்சாலங்குறிச்சி வந்துவிடும். அங்கே நாம் பார்ப்பது 1974-ல் சர்க்கார் கட்டிய நினைவுக் கோட்டை. நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. இடிக்கப்பட்ட மண் கோட்டையைப் பற்றி.

1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது கும்பினி. கோட்டையைத் தரைமட்டமாக்கியது. தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் பூட்டியது. காரியம் முடிந்தது என்றுதான் வெள்ளைக்காரன் நினைத்தான்.

1801 பிப்ரவரி 2, தை மாதப் பனிக்காலம். மேஜர் மெக்காலே வீட்டில் துரைமார் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், கைதிகள் காவலை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். முப்பது மைல் தூரம். ராத்திரியோடு ராத்திரியாகப் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

பிப்ரவரி 9-ந் தேதி மெக்காலே படையோடு வந்தான். வந்தவன் கண்டது என்ன? இடித்துப் போட்ட மதில் எழுந்து நிற்கிறது. மேலே ஆயிரத்தைந்நூறு பேர் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். அவனிடம் பெரிய பீரங்கி இல்லை. மறுநாளே திரும்பி நடந்தான்.

மண்வெட்டி பிடித்த தோழர்களைக் கேட்கிறேன். நீளம் ஏறக்குறைய ஐந்நூறு அடி, அகலம் முந்நூறு, உயரம் பன்னிரண்டு. எத்தனை கூடை மண்? எத்தனை குடம் தண்ணீர், இந்த வானம் பார்த்த பூமியில்? தலைவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கூடை சுமந்த தலைகள்?

முயல் நாயை விரட்டிய மண், அந்த மண்ணுக்கே வீரம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் எதிரியாக நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மார்ச் 31. இப்போது கும்பினி பீரங்கியோடும் வெள்ளைச் சிப்பாய்களோடும் வந்தது. எட்டயபுரத்துப் படையும் கூட வந்தது. கல் மதிலில் குண்டு பட்டால் உடைந்து சிதறும். கெட்டி மண்ணில் பட்டால் புதைந்துவிடும். ஆனாலும் பகலெல்லாம் அடித்து ஒரு மூலையைச் சரித்துவிட்டார்கள். பிற்பகலில் ஏறினார்கள். ஏறியவன் எவனும் உச்சியில் கால் ஊன்ற முடியவில்லை! காரணம் பிறகுதான் தெரிந்தது. கொத்தளங்கள் உள்ளே பொள்ளல். அதற்குள் ஆட்கள் நின்று, பதினெட்டு இருபது அடி நீள ஈட்டியால் கீழிருந்தே குத்தியிருக்கிறார்கள். குத்துகிறவன் கண்ணுக்கே தெரியமாட்டான். ஏறிய வெள்ளைச் சிப்பாய்களில் காயமில்லாமல் திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு.

இது மண்ணின் மாயமா, தோழர்களே? மூளையும் உழைப்பும்!

ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. இடது உள்ளங்கையில் துரும்புகளை அடுக்குவார். அதுதான் வெள்ளையன் படை. மறு கையால் ஒரே தள்ளு, வாயால் ஒரு சீறல். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு. பிரசங்கம் செய்யும் என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

பாளையக்காரர்களும் குடியானவனிடம் வரி வாங்கியவர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறு நாள் வேலை கூலிக்கு நடந்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

பின் ஏன் விழுந்தது? கும்பினிக்கு வெளியிலிருந்து புதுப்படையும் கனத்த பீரங்கியும் வந்துகொண்டே இருந்தன. பக்கத்துப் பாளையமே எதிரியோடு நின்றது. கர்னல் அக்னியூ தலைமையில் மே 24-ல் கோட்டை பிடிபட்டது. வெளியேறியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது.

அன்று நடந்த ஒன்றையும் வெல்ஷ் எழுதியிருக்கிறான். பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் மகனைத் தேடிப் போகிறாள். உயிர் போகும் நிலையில் கிடக்கிறான். "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்கிறான். பக்கத்தில் ஊமைத்துரை காயத்தோடு கிடக்கிறார். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். உடனே வெள்ளைத் துணியால் மூடி, பையன் அம்மையில் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

அந்தத் தாய் மகனை விட்டுவிட்டுக் காப்பாற்றிய மனிதர் மருது சகோதரர்களோடு போய்ச் சேர்ந்தார். போர் இன்னும் பல மாதம் நடந்தது. கடைசியில் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். மதில் நின்ற இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள்.