வண்டி வாங்குமுன் விலை பேசுவோம்

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் பல இன்று சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கின்றன. புல்வெட்டும் குத்தகை எடுப்பவர், செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்பவர், கட்டட வேலை எடுத்துச் செய்பவர், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்பவர் என்று இவர்கள் பல வகையினர். இவர்கள் அனைவருக்கும் ஒரு வண்டி தேவைப்படுகிறது. ஏறத்தாழ ஒரு டன் சுமையைத் தாங்கி, சேற்றிலும் மேட்டிலும் ஏறி இறங்கக்கூடிய பிக்கப் வண்டியே அது. வீட்டுக்கு அடுத்தபடியாக இக்குடும்பங்கள் செய்யும் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும். ஆயினும், சந்தையில் ஒரு கிலோ மீனுக்கு ஐம்பது காசு குறைத்துக் கேட்கும் நாம், இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட வண்டியை வாங்கும்போது, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

எந்தத் தாள் வந்தாலும் அதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வந்து படித்துச் சொல்லக் கேட்பது தோட்டத்து வழக்கம். அவ்வாறு எங்களிடம் வரும் வண்டிக் கடன் தாள்களில் பெரும்பாலானவை கையொப்பமான பிறகே வருகின்றன. அப்போது படித்துச் சொல்லலாமே தவிர, எதையும் மாற்ற முடியாது. ஆகவேதான், கையொப்பத்திற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

வண்டிக் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி எது தெரியுமா? "அண்ணே, மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். கேட்பதற்கு அக்கறையான கேள்வியாகத் தோன்றும். ஆனால், இக்கேள்விக்கு விடை சொன்ன அந்தக் கணமே விலை பேசும் வாய்ப்பு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. எப்படி என்று ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். எழுதுகோல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் விலை 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 12,000. கடன் 108,000. வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, அதுவும் முழுக் கடனுக்கும் என்று கொள்வோம். அப்படியானால் ஓராண்டு வட்டி 3,780 வெள்ளி. ஐந்தாண்டுத் தவணை என்றால், மொத்த வட்டி 18,900. மாதம் 2,115 வெள்ளி கட்ட வேண்டும். ஒன்பதாண்டுத் தவணை என்றால், மொத்த வட்டி 34,020. மாதம் 1,315 வெள்ளி கட்ட வேண்டும். மாதத்திற்கு 800 வெள்ளி குறைந்தது என்று மகிழ்கிறோம். ஆனால் வட்டியில் மட்டும் 15,120 வெள்ளி கூடிவிட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வண்டியின் விலையில் 3,000 வெள்ளியை விற்பனையாளர் கூட்டிவிட்டார் என்று வைப்போம். ஒன்பதாண்டுத் தவணையில் அது மாதத்திற்கு ஏறத்தாழ 37 வெள்ளிதான் கூடும். மாதத் தொகையை மட்டுமே பார்ப்பவர் கண்ணுக்கு அந்த 3,000 வெள்ளி தெரியவே தெரியாது. ஆதலின் அக்கேள்விக்கு நாம் சொல்ல வேண்டிய விடை இதுதான்: "தம்பி, மாதக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் வண்டியின் விலை என்ன, கழிவு எவ்வளவு, அதைச் சொல்லுங்கள்."

விலை என்று ஒரே தொகையாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாகாது. அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணம், சாலை வரி, விற்பனை வரி ஆகியவை அரசாங்கம் விதிப்பவை. இவற்றில் பேரம் பேசிப் பயனில்லை. ஆனால் வண்டி விலையில் தரும் கழிவு, துணைப் பொருள்களின் விலை, கடையின் சேவைக் கட்டணம், காப்புறுதி, வட்டி வீதம் ஆகிய ஐந்தும் பேசக்கூடியவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே பேச வேண்டும்.

ஒரே தரத்துப் பிக்கப் வண்டிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன் ஆகியவை அவற்றுள் சில. ஒரே நிறுவனத்தின் வண்டியையே பல கடைகளும் விற்கின்றன. ஆகவே குறைந்தது மூன்று கடைகளிலாவது எழுத்து மூலம் விலை வாங்குங்கள். ஒரு கடையில் தந்த தாளை மற்றொரு கடையில் காட்டுவதில் வெட்கம் ஏதுமில்லை. மாதக் கடைசியிலும் ஆண்டுக் கடைசியிலும் விற்பனை எண்ணிக்கையை எட்ட வேண்டிய நெருக்கடி விற்பனையாளருக்கு உண்டு. அப்போது கழிவு கூடக்கூடும். ஆனால், கழிவு மிகுதியாக இருந்தால் வண்டி தயாரான ஆண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்ற ஆண்டு தயாரான வண்டி, பின்னாளில் விற்கும்போது அதற்கேற்பக் குறைந்த விலைக்கே போகும்.

"திரை போட்டுத் தருகிறோம், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டித் தருகிறோம், எல்லாம் இலவசம்" என்பார்கள். அவற்றின் விலை என்ன என்று கேளுங்கள். "அவை வேண்டாம், அந்தப் பணத்தைக் கழித்துவிடுங்கள்" என்றும் சொல்லிப் பாருங்கள். அவ்வாறே, பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குவோர், புதியதன் விலையைப் பேசி முடித்த பிறகே பழையதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்வது எளிதாகிவிடும்.

காப்புறுதியைப் பற்றி ஒரு சொல். முன்பெல்லாம் எந்த நிறுவனத்திற்குச் சென்றாலும் வாகனக் காப்புறுதிக் கட்டணம் ஒரே அளவாக இருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், முழுமைக் காப்புறுதிக்கான கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. எனவே கடைக்காரர் காட்டும் நிறுவனத்தோடு நின்றுவிடாமல், வேறு இரண்டு இடங்களிலும் விசாரிக்க வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரப்படும் கழிவு வண்டியைச் சேர்ந்ததன்று. காப்புறுதி எடுத்தவரைச் சேர்ந்தது. பழைய வண்டியில் அக்கழிவு சேர்ந்திருந்தால், அதே வகையைச் சேர்ந்த புதிய வண்டிக்கு அதை மாற்றிக்கொள்ள முடியும். கேட்டால்தான் கிடைக்கும்.

வட்டியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "வட்டி முழுக் கடனுக்குமா, குறைந்துவரும் மீதிக்கா?" நாம் மேலே போட்ட கணக்கில், கடைசி ஆண்டில் சிறு தொகையே மீதி இருந்தும் முழுக் கடனுக்கும் வட்டி கட்டுகிறோம். ஆகையால் 3.5 விழுக்காடு என்று சொல்லப்படுவது, ஒன்பதாண்டுத் தவணையில், குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் 6 விழுக்காட்டுக்கும் மேலாகும். இரு வங்கிகளின் வீதத்தை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் சொல்லப்பட்டவையா என்று பார்ப்பது அவசியம்.

இறுதியாகச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவின் தவணைக் கொள்முதல் சட்டம் 1967இல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் கீழ், தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினாலோ கடைசித் தவணை தவறினாலோதான், அதுவும் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்து குறைந்தது 21 நாள் கழிந்த பிறகுதான், வண்டியைக் கைப்பற்ற முடியும். ஆனால், சுமை வண்டிகளைப் பொறுத்தவரை இச்சட்டத்திற்கு ஒரு வரம்பு உண்டு. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 2,540 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளையே அதன் முதல் அட்டவணை குறிப்பிடுகிறது. கனரக வண்டி வாங்குவோர் இதை மறத்தலாகாது. "இந்த ஒப்பந்தம் தவணைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகிறதா?" என்று கையொப்பமிடுமுன் கேளுங்கள். வராது என்றால், தவணை தவறும்போது என்ன நடக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

ஏனெனில், வேலை நின்று தவணை தவறினால் வண்டி மட்டுமே போகும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஏலத்தில் கிடைத்த பணம் கடனுக்குப் போதாவிட்டால், மீதியையும் நாமே கட்ட வேண்டும். நாம் கட்டாவிட்டால், ஜாமீன் போட்ட மைத்துனரின் வீட்டுக் கதவு தட்டப்படும். ஒரு வண்டியால் இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசாமற் போவதுண்டு.

ஆகவே நேயர்களே, தாள்களைக் கடையிலேயே கையொப்பமிடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஒரு நாள் தாமதித்தால் வண்டி ஓடிப்போய்விடாது. ஆங்கிலமோ மலாயோ படிக்கத் தெரிந்த உங்கள் மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மாதத் தவணையை 108 மாதத்தால் பெருக்கும் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். அந்தப் பெருக்குத்தொகையோடு முன்பணத்தையும் கூட்டிப் பாருங்கள். வண்டிக்கு நீங்கள் கொடுக்கப்போகும் உண்மையான விலை அதுதான். அந்த விலை உங்களுக்குச் சம்மதம் என்றால், கையொப்பமிடுங்கள்.