வாய்ப்புண்ணை மறைக்காதீர்கள்

 

தென்காசி, குற்றாலம் பகுதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்வருகிறவர்களை நாம் நலம் விசாரிக்கப் போனால், "வாயெல்லாம் வெந்துபோச்சு, கஞ்சிகூட இறங்கல" என்கிறார்கள். இது நோய் முற்றியதன் அடையாளமல்ல. கீமோ மருந்தும், தலை, கழுத்தில் கொடுக்கும் கதிர்வீச்சும் வாயின் மெல்லிய தோலையும் பாதிப்பதால் வருவது.

சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். ஐவேளைத் தொழுகைக்கு ஒழு செய்யும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. மிஸ்வாக் குச்சி ஈறைக் குத்தும்; புண் ஆறும்வரை மிருதுவான பிரஷ் போதும். வெற்றிலை, புகையிலை, ஊறுகாய், காரம் வேண்டாம். ஆறிய நோன்புக் கஞ்சி, தயிர்சாதம், இளநீர் நல்லது. சில கீமோ ஊசிகளின்போது ஐஸ் துண்டை வாயில் வைத்திருந்தால் புண் குறையும். உங்களுக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீரும் இறங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை சூரத்துல் பகராவிலேயே இருக்கிறது. வலியைப் பொறுப்பது சப்ர். மருத்துவரிடம் மறைப்பது சப்ர் ஆகாது. வலிக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். சிகிச்சையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.